விங் லோங்கில் விடுதலை பெற்ற எட்டு வாத்துகள்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் குடிவரவு மேசையில் இருந்த இளைஞர் என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரஸ்ஸாவட்டத நோனா யன்னே?" என்று சிங்களத்தில் கேட்டார். வேலைக்கா போகிறீர்கள் அம்மா என்று அர்த்தம். எனக்கு ஐம்பத்தொரு வயது. தனியாகப் போகிறேன், கையில் ஒரு சின்னப் பெட்டி. வீட்டு வேலைக்குப் போகிறவள் என்று நினைத்திருப்பார். இல்லை என்றேன். அப்படியானால் சுற்றுலாவா என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றேன். எனக்குப் பொய் சரளமாக வராது.

"அப்ப என்னத்துக்கு?"

"வேலை செய்யத்தான். ஆனா சம்பளம் இல்லை. சாப்பாடும் படுக்கையும் தருவாங்க."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "மச்சான், இந்த நோனா சும்மா வேலை செய்யறதுக்கு பிளேன்ல போறாவாம்." இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அக்காவின் மகள் ஷாமினி அச்சடித்துத் தந்த அழைப்புக் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் முத்திரை விழுந்தது. அப்போது தொடங்கிய கோபம், ஆளும் காரணமும் மாறினாலும், திரும்பி வரும் வரைக்கும் ஆறவில்லை.

எப்படிப் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள் நான். வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் இருபது வருடத்துக்கு மேல் காசாளராக இருந்தேன். முதலாளி கனடாவுக்குப் போய்க் கடையை மூடிவிட்டார். வேளாங்கண்ணியைத் தவிர வேறு வெளிநாடு நான் பார்த்ததில்லை. பாமன்கடைப் பகுதியில் இருக்கும் ஷாமினிதான், "சித்தி, வியட்நாம்ல கிராமத்து வீடுகள்ல போய் நிக்கலாம். ஒரு நாளைக்கு நாலஞ்சு மணித்தியாலம் உதவி செய்யணும், அவ்வளவுதான்" என்று ஓர் இணையத்தளத்தைக் காட்டினாள். அதில் வீடுகளின் படமும், போய் நின்றவர்கள் கொடுத்த நட்சத்திரங்களும் இருந்தன. பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசவும் வீட்டு வேலையில் உதவவும் ஆள் தேவை என்று ஒரு தாயும் மகளும் எழுதியிருந்தார்கள். அந்த வீட்டைத் தெரிவுசெய்தோம்.

கோலாலம்பூரில் விமானம் மாறி, காலை பத்து மணிக்கு ஹோ சி மின் நகரத்தில் இறங்கினேன். விசாவை முன்பே இணையத்தில் எடுத்திருந்தோம், இருபத்தைந்து டொலர். நகரத்தின் மேற்குப் பஸ் நிலையத்திலிருந்து விங் லோங் ஏறத்தாழ நூற்று முப்பது கிலோமீற்றர். ரிக்கெற் ஒன்றரை லட்சம் டொங். லட்சம் என்றதும் பதறிவிட்டேன், ஆனால் நம்முடைய காசில் ஆயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய் போலத்தான் வரும். பஸ்ஸுக்குள் ஏறும்போது செருப்பைக் கழற்றச் சொல்லி, போட்டுக்கொள்ள ஒரு பை தந்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மா ஒரு ரம்புட்டான் கொத்தை மடியில் வைத்து உரித்து உரித்து எனக்கே தந்துகொண்டு வந்தார். எங்கள் நாட்டு மல்வானை ரம்புட்டானுக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

விங் லோங்கில் மகள் லான் மோட்டார் சைக்கிளோடு காத்து நின்றாள். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள். ஆற்றைக் கடக்க ஒரு தட்டைப் படகு. மோட்டார் சைக்கிள்களும் மரக்கறிக் கூடைகளும் மனிதர்களும் நெருக்கியடித்து நின்றோம். பிறகு கால்வாய்க் கரையோரமாக ஒடுங்கிய கொங்கிறீட் பாதை, ஒரு பக்கம் பழத்தோட்டம், மறு பக்கம் அறுவடை முடிந்த வயல்.

வீட்டுக்காரியை எல்லாரும் "ஹாய், ஹாய்" என்று கூப்பிட்டார்கள். எல்லாரும் அவரிடம் ஆங்கிலத்தில் நலம் விசாரிக்கிறார்கள் என்று முதல் நாள் நினைத்துவிட்டேன். ஹாய் என்றால் அவர்கள் மொழியில் இரண்டு. அந்தப் பகுதியில் வீட்டில் மூத்த பிள்ளையை ஒன்று என்று சொல்லாமல் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நான் ஹாய் அக்கா என்று கூப்பிட்டேன். ஐம்பத்துநாலு வயது, மெலிந்த உடம்பு, எப்போதும் சிரிப்பு. வீட்டுக்குள் நுழைந்ததும் பீடம் ஒன்றில் அவருடைய கணவரின் படம் இருந்தது. போன வருடம் திடீரென்று விழுந்து இறந்தவர். படத்துக்கு முன்னால் ஊதுபத்தியும் ஒரு கோப்பை தேநீரும் வைத்திருந்தார்கள்.

எனக்கு முன்பே ஐரோப்பாவிலிருந்து ஒரு சோடி அங்கே வந்து நின்றது. பெயர் எம்மா, லூக்காஸ். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். மாலையில் முன் விறாந்தையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு நடக்கும். பெற்றோர் சிறு தொகை கொடுப்பார்கள், அதுதான் அந்த வீட்டின் கைச்செலவு. அந்த வகுப்பை எம்மாவும் லூக்காஸும் நடத்தினார்கள். பாட்டுப் பாடி, குதித்து, நன்றாகவே செய்தார்கள். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். என்னையும் ஒரு நாள் நிற்க வைத்தார்கள். முப்பது கண்கள் என்னைப் பார்த்ததும் எனக்கு என் பெயரே மறந்துபோனது. "அன்ரிக்குக் குசினி பிடிக்கும் போல" என்று லான் என்னைக் காப்பாற்றினாள். அன்றிலிருந்து சமையலறையும் வாத்துகளும் என் பொறுப்பு.

வாத்துகள் எட்டு. கால்வாய் ஓரமாக மூங்கில் பட்டி. காலையும் மாலையும் தவிட்டோடு நறுக்கிய வாழைத்தண்டைக் கலந்து வைக்க வேண்டும். அந்த ஊர்க்காரர் வாத்தைக் கூப்பிட நாக்கால் ஒரு சத்தம் போடுவார்கள். எனக்கு அது வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் அம்மா கோழிகளைக் கூப்பிடுகிற மாதிரி "பா… பா… பா…" என்றேன். முதலில் திரும்பியும் பார்க்கவில்லை. சாப்பாட்டைக் கண்டபிறகு பழகிக்கொண்டன.

ஹாய் அக்காவோடு எனக்குப் பொதுவான மொழி ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் நாள் முழுக்கக் கதைத்தோம். அவர் தன் மொழியில் சொல்வார், நான் தமிழில் பதில் சொல்வேன். இஞ்சி உரிக்கும்போது, மீன் கழுவும்போது, வெங்காயத்துக்குக் கண்ணீர் விடும்போது மொழி எதற்கு? நண்பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே படுத்துவிடும். கடை, பள்ளிக்கூடம், நாய், பூனை எல்லாமே ஓய்வு. அந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இதுதான்.

வாத்துகள் எதற்கு என்று லான் சொன்னாள். அப்பாவின் முதலாம் வருட நினைவு நாள் வரும் சனிக்கிழமை. அன்று, இறந்தவருக்கு எது பிடிக்குமோ அதைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் வைத்து, ஊதுபத்தி எரிந்து முடிந்த பிறகு உறவினர்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவருக்கு வாத்துக் கஞ்சி என்றால் உயிர். நூறாம் நாள் சடங்கில் ஹாய் அக்கா படத்துக்கு முன்னால் நின்று, "வருட நினைவுக்கு நானே வாத்து வளர்த்து உங்களுக்கு வைப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கத்தோலிக்கரான நாங்களும் ஆண்டு நினைவுக்குப் பூசை வைத்து, செத்த ஆளுக்குப் பிடித்த கறியை ஆக்கி, அயலுக்கும் கொடுத்தனுப்புகிறவர்கள்தான்.

எம்மாவும் லூக்காஸும் அதற்குள் எட்டு வாத்துக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்றுக்கு மோசார்ட் என்று பெயர். சனிக்கிழமை விஷயம் தெரிந்ததும் எம்மாவின் முகம் போன போக்கு!

"அன்ரி, நீங்கள் எப்படித் தினமும் சாப்பாடு வைத்துவிட்டு இதற்குச் சம்மதிக்கிறீர்கள்?"

"என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே பிள்ளை" என்றேன். அவள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு பேரும் இறைச்சி சாப்பிடுவதில்லை. அது அவர்கள் விருப்பம், நானும் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் விடுகிறவள்தான். ஹாய் அக்கா அவர்களுக்கு என்று தனிச்சட்டியில் டோஃபு பொரிப்பார். ஆனால் சந்தையில் விற்கிற நீள ரொட்டிப் பாணை இரண்டு பேரும் தினம் ஒன்றாவது வாங்கிச் சாப்பிட்டார்கள். அதற்குள் பூசியிருப்பது ஈரல் என்று எனக்குத் தெரியும். சொல்லலாமா என்று யோசித்து, வாய் வராமல் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. தூரத்து உறவினர்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் வட்டமாக இருந்து வாழையிலையில் பலகாரம் மடித்தார்கள். நண்பகல் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல எல்லாரும் பாயிலும் ஏணையிலும் சரிந்தார்கள். நானும் கண்ணயர்ந்தேன். இரண்டு மணி போல எழும்பிப் பட்டிப்பக்கம் போனால், கதவு திறந்து கிடக்கிறது. ஒரு வாத்தும் இல்லை. கால்வாய்க் கரையில் எம்மாவும் லூக்காஸும் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"போய்விட்டன" என்றாள் எம்மா. கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு அழகாக நீந்திப் போயின தெரியுமா?"

உள்ளே ஓடி லானை எழுப்பினேன். ஹாய் அக்கா வந்து வெறும் பட்டியைப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு சிரித்தார். "பரவாயில்லை" என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் எனக்கு அதற்குள் பழக்கமாகியிருந்தது. அதைத்தான் இரண்டு தரம் சொன்னார்.

"பார்த்தீர்களா, அவருக்கும் மனதுக்குள் விருப்பமில்லைத்தான்" என்று லூக்காஸ் சொன்னான்.

அந்தச் சிரிப்பை அவன் எப்படி விளங்கிக்கொண்டானோ தெரியாது. இருபது வருடம் கடையில் காசு மேசையில் இருந்தவள் நான். புடவையை உடுத்திவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து காசு கேட்கிறவர்களைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்திருக்கிறேன்.

வேறு வாத்து வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "வாங்கலாம் அன்ரி. ஆனால் தானே வளர்த்து வைப்பேன் என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டா" என்றாள் லான். எல்லாருமாகத் தேடக் கிளம்பினோம்.

வாத்துகள் காட்டுக்குப் போகவில்லை. வாத்து கூட்டத்தைத் தேடித்தான் போகும். கால்வாயின் அடுத்த கரை வயலில், சிந்திய நெல்லைப் பொறுக்கவென்று ஒருவர் நானூறு ஐந்நூறு வாத்துகளை மேய விட்டிருந்தார். நம்முடைய எட்டும் அதற்குள் போய்க் கலந்துவிட்டன. எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே நடை, ஒரே சத்தம். வாத்துக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவரும் பாவம், பக்கத்து வீட்டு நினைவு நாள் வாத்து தன் மந்தைக்குள் நிற்கிறதே என்ற சங்கடம் அவருக்கு.

ஹாய் அக்கா வரம்பில் நின்று கூப்பிட்டார். நாக்கால் போடுகிற அந்தச் சத்தம்தான். அடுத்த நிமிடம் வயல் முழுவதும் எழும்பி வந்தது! ஊரெல்லாம் அதே சத்தம்தானே. ஐந்நூறு வாத்தும் சாப்பாடு என்று நினைத்து அவரை நோக்கி ஓடி வந்தன. உறவுப் பெண்கள் சேற்றில் விழுந்து எழும்பிச் சிரித்தார்கள். வாத்துக்காரர் தடியைச் சுழற்றி மந்தையைத் திருப்ப அரை மணித்தியாலம் போனது.

அப்போதுதான் லான் என் பக்கம் திரும்பினாள். "அன்ரி, நீங்கள் கூப்பிடுங்கள். உங்கள் சத்தம் வேறுதானே."

இருபது பேர் வரம்பில் நிற்கிறார்கள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். பூசையில் வாசகம் வாசிக்கச் சொன்னால் ஒளிக்கிறவள் நான். "எனக்கு ஏலாது" என்றேன், தமிழில். ஹாய் அக்கா என் பக்கம் வந்தார். தவிட்டு வாளியை எடுத்து என் கையில் வைத்தார். அவருடைய கை சில்லென்று இருந்தது.

"பா… பா… பா…" என்றேன். ஒன்றும் அசையவில்லை. யாரோ ஒரு கிழவர் சிரித்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. வாளியைத் தட்டி, வயிற்றிலிருந்து, எங்கள் ஒழுங்கையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். மந்தை அப்படியே மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கழுத்து நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஐந்நூறு வாத்துக்கு நடுவில் வழி விலக்கிக்கொண்டு, ஆடி ஆடி, ஆறு வாத்துகள் என்னிடம் வந்தன. வரம்பில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இரண்டு வரவில்லை. ஹாய் அக்கா ஆறு விரலைக் காட்டி, போதும் என்றார்.

அவை என் காலடியில் தவிட்டைத் தின்றன. எனக்குச் சந்தோசமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். அந்த நேரம் பார்த்துத்தான் எம்மா வந்து முன்னால் நின்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அவை உங்களை நம்பி வந்தன அன்ரி. உங்களை நம்பின!"

பதில் சொல்ல ஆங்கிலம் தேடினேன். ஒரு சொல்லும் வரவில்லை. தமிழ் வந்தது.

"ஓம், என்னை நம்பித்தான் வந்ததுகள்! அந்த மனிசியும் உங்களை நம்பித்தானே வீட்டுக்குள்ள விட்டவ! பாயைத் தந்து, சோத்தைத் தந்து, உங்களுக்கெண்டு தனிச்சட்டி வச்சவ. செத்த மனிசன்ட பங்கில கை வைக்க உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது? ஆக்கள் நித்திரை கொள்ளேக்க பட்டியத் திறக்கிறது எங்கட ஊர்ல கள்ளன்ட வேலை! பாணுக்குள்ள ஈரலைப் பூசிப் பூசித் தின்னேக்க எங்க போனது இந்த இரக்கம்? கேக்கிறன், எங்க போனது?"

லூக்காஸ் போனைப் பைக்குள் வைத்தான். "அவர் என்ன சொல்கிறார்?" என்று எம்மா கேட்டாள். லான் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு சொல் தெரியாது. ஆனாலும், "அன்ரி களைத்துப்போனா" என்று மொழிபெயர்த்தாள்.

திரும்பும் வழியில் லானிடம் கேட்டேன். "உங்கட அம்மா ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை?"

"அப்பா இறந்து இரண்டாவது கிழமையில் உங்களைப் போல வெளிநாட்டுக்காரி ஒருத்தி வந்து நின்றாள் அன்ரி. முன்பே ஒழுங்கு செய்தது, வர வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. போன பிறகு, 'வீட்டுக்காரி முகம் கொடுத்துப் பேசவில்லை, வீட்டில் சந்தோசம் இல்லை' என்று எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒருவரும் வரவில்லை. வெளிநாட்டு ஆள் இல்லையென்றால் வகுப்புக்குப் பிள்ளைகள் வராதுகள். அதிலிருந்து அம்மா சிரிக்கிறா."

நான் நின்றுவிட்டேன். புருசன் செத்த வீட்டில் சந்தோசம் இல்லை என்று எழுத ஒருத்திக்குக் கை வந்திருக்கிறது. இணையத்தளத்தில் அந்த வீட்டைத் தெரிவுசெய்தபோது, "எப்போதும் சிரித்த முகம்" என்று யாரோ எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் நானும் ஷாமினியும் அதைப் பிடித்தோம்.

சனிக்கிழமை காலையில் கஞ்சி கொதித்தது. இஞ்சியை நான்தான் இடித்தேன். வாத்துகளை அறுக்கும்போது தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். பீடத்தில் கஞ்சி, வாழைப்பூவோடு பிசைந்த வாத்திறைச்சி, பலகாரம், பியர் ரின் ஒன்று. ஹாய் அக்கா ஊதுபத்தியை நெற்றிக்கு உயர்த்திப் படத்தோடு நீண்ட நேரம் மெதுவாகக் கதைத்தார். இரண்டு குறைந்ததைச் சொல்லியிருப்பார். என் கையிலும் ஒரு பத்தியைத் தந்தார். நான் ஒரு கையால் சிலுவை போட்டு, மறு கையால் பத்தியை நட்டேன். எம்மாவுக்கும் லூக்காஸுக்கும் டோஃபு பொரித்து, முதல் தட்டை அவர்களுக்கே கொடுத்தார். அவர்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்த இரண்டு வாத்தும் என்னவாயின என்று நான் வாத்துக்காரரிடம் லான் மூலம் கேட்டேன். மந்தை முழுவதும் ஏற்கெனவே விலைபேசி முடிந்தது, அன்று காலையே லொறியில் நகரத்துச் சந்தைக்குப் போய்விட்டது. லூக்காஸின் வீடியோவில் இன்றைக்கும் எட்டு வாத்தும் சுதந்திரமாகத்தான் நீந்துகின்றன.

நான் நிற்கும் நாட்கள் முடிந்து புறப்படும் காலையில் லான் போனைக் காட்டினாள். எம்மா முன்கூட்டியே எழுதிவிட்டாள். "அன்பான குடும்பம், அருமையான சாப்பாடு. விலங்குகளைப் பற்றிக் கொஞ்சம் விழிப்புணர்வு தேவை." நான்கு நட்சத்திரம்.

"நாலு போதும் அன்ரி, நான் இரண்டு என்று பயந்தேன்" என்று அவள் சந்தோசப்பட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் வராவிட்டால், குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டினால், யாராவது வெளியே வந்து நின்று கத்துவார்கள். சின்ன வயதிலிருந்து எனக்கு அது வெட்கம். நாகரிகமான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று நினைப்பேன். ஆனால் கையில் ஒன்றும் இல்லாதவளுக்கும் தன் வாசலில் நின்று கோபப்படலாம் என்ற உரிமை அங்கே இருக்கிறது. ஹாய் அக்காவுக்கு அவருடைய சொந்த வீட்டில், சொந்தப் புருசனின் நினைவு நாளில், அது இல்லை. போகிற நாங்கள் சாப்பாட்டுக்குப் பதிலாக வேலையைக் கொடுக்கிறோம் என்றுதானே பேச்சு? கூடவே அவர் கோபப்படும் உரிமையையும் வாங்கிக்கொண்டு போகிறோம். நானும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் வந்தேன். வேறு என்ன செய்ய?

படகுத்துறைக்கு ஹாய் அக்காவும் கூட வந்தார். படகு அக்கரையில் நின்றது. அவர் லானின் கையைச் சுரண்டி ஏதோ சொன்னார். லான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்ரி, அம்மா கேட்கிறா. அன்றைக்கு வயலில் கத்தினீர்களே, அதை இன்னொருமுறை சொல்வீர்களா என்று."

"அவவுக்கு விளங்காதே பிள்ளை."

"விளங்கத் தேவையில்லையாம்."

சுற்றிப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள்காரர்கள், மரக்கறிக்காரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லத் தொடங்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையை மேலே உயர்த்திக் காட்டினார். இன்னும் சத்தமாக.

கத்தினேன். படகுத்துறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஹாய் அக்கா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொல் வரைக்கும் கேட்டார்.